தேர்தல் பத்திரம் ரத்தாயிற்று. கட்சிச் செலவுக்கு வரம்பு எப்போது?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 15

தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறிவிட்டார்கள். இனிமேல் பெருநிறுவனங்களின் பணம் தேர்தலை ஆட்டிவைக்க முடியாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பிப்ரவரி 16, காலை

அவ்வளவு தூரம் போக முடியாது. பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுப்பவரின் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குத் தரும் சீட்டுதான் தேர்தல் பத்திரம். தீர்ப்பு பெரிய தீர்ப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. யார் எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்றும், அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தில் அந்த உரிமை அடங்கும் என்றும் நீதிமன்றம் கூறியிருக்கிறது. கறுப்புப் பணத்தை ஒழிக்கவே இந்தத் திட்டம் என்ற அரசின் வாதம், கொடுப்பவரின் பெயரை மறைப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது என்றும் சொல்லிவிட்டது. நிறுவனங்கள் வரம்பின்றி நன்கொடை தரலாம் என்று 2017இல் செய்த திருத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

ஆனால் தேர்தல் பணத்தைச் சட்டம் மூன்று இடங்களில் பிடிக்கலாம். யார் கொடுத்தார் என்று கேட்கலாம். எவ்வளவு கொடுக்கலாம் என்று வரையறுக்கலாம். எவ்வளவு செலவழிக்கலாம் என்று வரையறுக்கலாம். நேற்றைய தீர்ப்பு முதல் இடத்தை முழுமையாகவும் இரண்டாவது இடத்தை ஓரளவுக்கும் தொட்டிருக்கிறது. மூன்றாவது இடம் வழக்கிலேயே இல்லை. மக்களவைக்குப் போட்டியிடும் வேட்பாளர் நம் மாநிலத்தில் 95 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அவரை நிறுத்திய கட்சி எத்தனை கோடி வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அதற்கு வரம்பே கிடையாது.

பிப்ரவரி 16, இரவு

“கட்சிக்கு வரம்பே கிடையாதா, இது எப்படி நேர்ந்தது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் தெரியாத கதை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, வேட்பாளர் தாமோ தம் தேர்தல் முகவரோ செய்யும் செலவுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றும், அது குறித்த வரம்பைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. தாண்டினால் 123(6)ஆம் பிரிவின்படி அது முறைகேடான செயல். தேர்தலே செல்லாமல் போகும். வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவு எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்விக்கு 1974 அக்டோபர் தொடக்கத்தில் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. கட்சியின் செலவு தமக்கு உதவுகிறது என்று தெரிந்தும் வேட்பாளர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டால், அது அவர் கணக்கில்தான் சேரும் என்பதே அந்த விடை. தீர்ப்பை எழுதிய நீதிபதி பகவதி அதற்குச் சொன்ன காரணம் இன்றும் பொருந்துகிறது. வரம்பின் நோக்கமே பணமுள்ளவரும் பணமில்லாதவரும் சம நிலையில் போட்டியிடுவது. கட்சியின் பெயரில் செலவழிக்க விட்டுவிட்டால் அந்த நோக்கம் அங்கேயே முடிந்துபோகும்.

அந்தத் தீர்ப்பு மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. அதே அக்டோபர் மாதத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. கட்சியோ, வேட்பாளரின் நண்பரோ, வேறு எவரோ செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்ற ‘விளக்கம்’ 77ஆம் பிரிவில் புகுந்தது. 1985இல் நல்லதம்பி தேரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்த விளக்கம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது.

பிறகு 2003இல் ஒரு திருத்தம் அந்த வாசலைச் சிறிது ஒருக்களித்தது. நண்பர்களின் செலவுக்கு இருந்த விலக்கு போயிற்று. தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் விலக்கு நின்றது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு நாற்பது நட்சத்திரப் பேச்சாளர்கள், மற்றக் கட்சிகளுக்கு இருபது பேர். இருந்தும், குறிப்பிட்ட வேட்பாளரின் பெயரைச் சொல்லாமல் கட்சி தன் சின்னத்துக்கும் தலைவருக்கும் செய்யும் விளம்பரச் செலவு யாருடைய வரம்புக்கும் உட்படவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தேர்தல் சட்டத்தின் நடு மையத்தில் இந்தப் பள்ளம் இருக்கிறது. பத்திரத் தீர்ப்பை நான் மகிழ்ச்சியோடு வரவேற்றாலும், என் மனம் நிறையாததற்கு இதுவே காரணம்.

பிப்ரவரி 18

“நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தருவதையே அடியோடு தடை செய்துவிட்டால் என்ன?” என்று வேறொரு வாசகர். தடை செய்து பார்த்த நாடு இது.

1957இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கு ஏற்பத் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டத்தில் தடை இல்லாததால் அனுமதித்தார். அனுமதித்த கையோடு, இந்த வழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரித்துவிடக்கூடும் என்று நாடாளுமன்றத்தை எச்சரிக்கவும் செய்தார். 1960இல் நிறுவனச் சட்டத்தில் ஒரு வரம்பு வந்தது. 1969இல் நிறுவன நன்கொடைக்கு முழுத் தடை வந்தது. தடை நீடித்த பதினாறு ஆண்டுகளிலும் தேர்தல்கள் நடந்தன, செலவும் நடந்தது. கட்சிகளுக்கு அரசு நிதியோ வேறு வழியோ ஏற்படுத்தித் தராமல் கதவை மட்டும் மூடியதால், காசோலையில் வந்துகொண்டிருந்த பணம் கணக்கில் வராத ரொக்கமாயிற்று. 1985இல் தடையை நீக்கி, மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 5 விழுக்காடு வரை தரலாம் என்றார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் அதை 7.5 விழுக்காடாக உயர்த்தியது. 2017இல் நிதிச் சட்டத்தின் வழியே அந்த வரம்பும் போயிற்று, எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போயிற்று. இலாபமே ஈட்டாத நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்ற நிலை அப்போது பிறந்ததுதான்.

ஆகவே முழுத் தடையை நான் கேட்கவில்லை. இலாபத்தோடு கட்டிய வரம்பும் பெயர் வெளியிடும் கட்டாயமும் இந்தத் தீர்ப்பால் மீண்டும் உயிர்பெற்றிருக்கின்றன. அவை இரண்டும் நிலைத்தால் நல்லது.

பிப்ரவரி 25

என் அனுபவத்தைக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அரசுக் கணக்குப் பணியில் இருந்த காலத்தில் சில தேர்தல்களில் செலவினக் கணக்குக் குழுவில் என்னைப் போட்டிருந்தார்கள். வேட்பாளரின் கூட்டத்தை ஒளிப்பதிவுக் குழு படம் எடுத்துவரும். அதைப் பார்வையிடும் குழு மேடை, நாற்காலி, ஒலிபெருக்கி, கொடி, வாடகை வண்டி ஆகியவற்றை எண்ணிக் குறிக்கும். மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி நாங்கள் அதற்குத் தொகை போட்டு நிழல் பதிவேட்டில் ஏற்றுவோம். தேநீருக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் அந்தப் பட்டியலில் தனித்தனி விலை உண்டு. பிரசாரக் காலத்தில் மூன்று முறை வேட்பாளரின் முகவர் தம் கணக்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் குறிப்பாணை போகும்.

இந்த வேலையை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. நான் அப்படிப் பேச மாட்டேன். வேலை செய்தவர்கள் இரவு பகல் பாராமல் நேர்மையாகச் செய்தார்கள். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்த ஒன்று உண்டு. சுயேச்சையாக நின்ற ஒருவர் துண்டறிக்கை அச்சடித்த இரசீதைத் தவறவிட்டதால் மூன்று முறை எங்கள் அலுவலகத்துக்கு அலைந்தார். அதே வாரத்தில் பெரிய கட்சி ஒன்று மாநிலம் தழுவிய நாளிதழ்களில் முதல் பக்கம் முழுவதும் விளம்பரம் கொடுத்தது. அதில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. எங்கள் பதிவேட்டில் அதற்கு இடமும் இல்லை. நான் பார்த்த தொகுதிகளில் எந்தப் பெரிய கட்சி வேட்பாளரின் கணக்கும் வரம்பை நெருங்கியதே கிடையாது. நெருங்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

கணக்குத் தொடங்கும் நாளையும் பாருங்கள். வேட்புமனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை செய்யும் செலவுதான் சட்டத்தின் கணக்கு. அதற்கு முன்பு ஆறு மாதமாகச் சுவர் நிறைய எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்தாவது தொடங்கலாம் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

மார்ச் 5

தீர்ப்பின்படி வெளியிட வேண்டிய பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி நேற்று நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறது. அதற்குள் மக்களவைத் தேர்தல் முடிந்துவிடும். வாக்காளரின் அறியும் உரிமை என்பதற்கு வாக்களிக்கும் முன் அறிவது என்றுதான் பொருள்.

மார்ச் 12

வங்கியின் கோரிக்கையை நீதிமன்றம் நேற்றுத் தள்ளுபடி செய்தது. இன்று விவரங்கள் தேர்தல் ஆணையத்துக்குப் போய்விட்டன.

மார்ச் 22

ஒரு வாரமாகப் பட்டியல்களோடுதான் இருக்கிறேன். முதலில் யார் வாங்கினார், எந்தக் கட்சி பணமாக மாற்றியது என்று இரண்டு தனிப் பட்டியல்கள் வந்தன. பத்திரத்தின் எண்ணை மறைத்ததால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அந்த எண்ணையும் தர வேண்டும் என்று 18ஆம் தேதி நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகே, நேற்று முழு விவரமும் வெளிவந்தது.

2018 முதல் முப்பது கட்டங்களில் விற்ற பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய பட்டியலில் பாரதிய ஜனதா கட்சி மாற்றியது ஏறக்குறைய 6,060 கோடி. அதிகம் வாங்கிய நிறுவனம் நம் கோயம்புத்தூரின் ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி ரூபாய் லாட்டரிப் பணம். திராவிட முன்னேற்றக் கழகம் தனக்கு வந்தது 656.5 கோடி என்றும், அதில் 509 கோடி இந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது என்றும் ஆணையத்துக்குத் தானே தெரிவித்திருக்கிறது. கொடுத்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுத்த சில கட்சிகளில் அது ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வந்தது 6.05 கோடி; அதில் 5 கோடி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்துடையது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரமே வாங்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்களில் அதுவும் ஒன்று.

லாட்டரியைத் தமிழ்நாடு 2003இலேயே தடை செய்துவிட்டது. அந்தச் சீட்டில் கூலியைத் தொலைத்த குடும்பங்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வேறு மாநிலத்து ஏழைகளிடம் சீட்டு விற்ற பணம் இங்கே ஆளும் கட்சியின் கணக்கில் வந்து சேர்ந்திருப்பதைப் பட்டியலில் பார்த்தபோது மனம் மிகவும் கனத்தது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்சி தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் நின்று, ஒவ்வொரு வேட்பாளரும் வரம்பு முழுவதையும் செலவழித்தால் 37.05 கோடி ரூபாய் ஆகும். நாடு முழுவதும் 543 தொகுதிக்கும் 95 இலட்சம் வீதம் போட்டாலும் 516 கோடியைத் தாண்டாது. ஒரு கட்சி பத்திரத்தில் மட்டும் பெற்றது அதைப்போல் பதினொரு மடங்குக்கும் மேல். ஐந்தாண்டு வரவு அது, இடையில் பல சட்டமன்றத் தேர்தல்கள் வந்தன, அலுவலகச் செலவும் உண்டு என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வேட்பாளர் வரம்பு எத்தனை சிறிய வேலி என்பது தெரிகிறது.

மார்ச் 23

நேற்று எழுதியதைப் படித்த பிறகு, முதல் குறிப்பில் நான் கொடுத்த அழுத்தத்தைச் சற்று மாற்ற விரும்புகிறேன். பெயர் வெளிப்படுவது தொடக்கம் மட்டுமே என்ற தொனியில் எழுதியிருந்தேன். இந்த ஒரு வாரத்தில் எங்கள் தெருவின் தேநீர்க் கடையில்கூட எந்த நிறுவனம், எந்தத் தேதி, எந்தச் சோதனை, எந்த ஒப்பந்தம் என்று மக்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். அப்படிப் பேசுவதற்கு ஆதாரம் கிடைத்ததே ஒரு பெரிய மாற்றம். நிறுவனம் தரும் நன்கொடை ஒரு வணிகக் கொடுக்கல் வாங்கல் என்று தீர்ப்பு சொன்னதை மக்கள் தாங்களாகவே பட்டியலிலிருந்து படித்தெடுக்கிறார்கள். ஆயினும் வெளிப்பட்ட பிறகும் சட்டம் கொடுப்பவர் பக்கம் சாய்ந்ததற்கு முன்மாதிரி இருக்கிறது.

2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாரதிய ஜனதாவும் பெற்ற நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அவற்றில் ஒன்று ஸ்டெர்லைட். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தப் பெயரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு கட்சிகள் மீதும் நடவடிக்கை வரவில்லை. சட்டம்தான் மாறியது. 2016 நிதிச் சட்டம் வெளிநாட்டு மூலம் என்பதன் வரையறையைத் திருத்தியது. 2018 நிதிச் சட்டம் அந்தத் திருத்தத்தை 1976 வரை பின்னோக்கிக் கொண்டுபோய், பழைய குற்றம் குற்றமே இல்லை என்று ஆக்கியது. ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே நன்மை இருந்தால் எவ்வளவு எளிதாகச் சட்டம் வளைகிறது என்பதை 1974இலும் பார்த்தோம், 2018இலும் பார்த்தோம்.

ஏப்ரல் 8

தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரசில் ஏறக்குறைய 4 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வழக்கு விசாரணையில் இருப்பதால் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஓட்டுக்குக் காசு கொடுப்பதைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன்.

2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ஆணையம் ரத்து செய்த இடங்கள் இவை. நான்கும் நம் மாநிலத்தில்தான். எனக்கு இதில் மிகுந்த வெட்கம் உண்டு. ஆனால் ரத்துக்குப் பிறகு என்ன நடந்தது? வேறொரு நாளில் வாக்குப்பதிவு நடந்தது, முதன்மைக் கட்சிகளின் வேட்பாளர்கள் பெரும்பாலும் முன்பு நின்றவர்களே. ரத்து செய்ய ஆணையத்துக்குக் கையில் இருப்பது அரசியலமைப்பின் 324ஆம் பிரிவு தரும் பொது அதிகாரம். பணம் கொடுத்தவரை விலக்கி வைக்க உடனடியான சட்டம் இல்லை.

இடையில் அவதிப்படுவது யார்? ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் நிலைக் கண்காணிப்புக் குழு பிடித்துவைக்கும். ஆட்டுச் சந்தைக்குப் போகிற வியாபாரியிடம் எந்த ஆவணம் இருக்கும்? மேல்முறையீட்டுக் குழுவிடம் போய்த் திரும்பப் பெறலாம்தான், அதற்குள் சந்தை நாள் முடிந்துவிடும். ரொக்கத்தைச் சாலையில் தேடுவதை நான் எதிர்க்கவில்லை. கட்சியின் செலவுக்கு வரம்பு வைக்காமல் சாலையில் மட்டும் தேடுவது நியாயமில்லை என்கிறேன்.

ஏப்ரல் 21

கட்சிக்கு வரம்பு வைத்தாலும் அமல்படுத்த முடியாது என்று வழக்கறிஞர் ஒருவர் நீளமாக மறுத்திருக்கிறார். கவனமாகப் படித்தேன். கட்சி தன் செலவைத் துணை அமைப்புகளின் பெயரிலும் ஆதரவாளர் பெயரிலும் மாற்றிவிடும் என்பது அவருடைய வலுவான வாதம்.

பிரிட்டனைப் பாருங்கள். வேட்பாளர் செலவுக்கு 1883லேயே வரம்பு வைத்த நாடு அது. ஆனால் தேசிய அளவில் கட்சிகள் செய்த செலவு நெடுங்காலம் கட்டுக்கடங்காமல் இருந்தது. 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், கட்சி போட்டியிடும் தொகுதிகளின் எண்ணிக்கையை வைத்து அதன் மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. பொதுத் தேர்தலுக்கு முந்தைய 365 நாள் செலவும் கணக்கில் சேரும். கட்சி அல்லாத அமைப்புகளுக்கும் தனி வரம்பு உண்டு. வரம்பின் அளவைப் பற்றி அங்கே சண்டை நடக்கிறது. வரம்பே இருக்க முடியாது என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் வேறு பாதை. 1976இல் பக்லி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக் கூடாது, செலவழிப்பது பேச்சுரிமை என்று கூறியது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கு நிறுவனங்கள் தனித்துச் செய்யும் செலவுக்கும் கதவைத் திறந்தது. நம் நீதிமன்றம் 1974லேயே சமவாய்ப்பை முன்வைத்துப் பேசியது. இந்தப் பிப்ரவரியில் வாக்காளரின் உரிமையை முன்வைத்துப் பேசியது. இந்தியாவில் கட்சி வரம்பு கொண்டுவந்தால் அரசியலமைப்பு தடையாக நிற்கும் என்று நான் அஞ்சவில்லை.

மூன்றாம் நபர் செலவு என்ற வாதத்துக்கு ஒரு பதில்: வேட்பாளரின் எழுத்து அனுமதியின்றி அவருக்காகச் செலவழிப்பது இப்போதே குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் 171எச். தண்டனை அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். சட்டம் இருக்கிறது, பல்லைத்தான் யாரும் வைக்கவில்லை.

ஜூன் 12

முடிவுகள் 4ஆம் தேதி வந்துவிட்டன. கணக்கில் குறை கண்டால் சாதாரண வாக்காளர் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: வேட்பாளர் முப்பது நாளுக்குள், அதாவது ஜூலை 4க்குள், கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்வையிடலாம். தேர்தலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய நாற்பத்தைந்து நாள். அது ஜூலை 19ஆம் தேதி முடிகிறது. கடைசி நாளில் கணக்கு வந்தால் படித்து, ஆதாரம் திரட்டி, வழக்கறிஞரைப் பிடித்து, மனுப் போட உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து நாள்.

மற்றொரு வழி ஆணையமே விசாரிப்பது. பொய்க் கணக்குக் கொடுத்தாலும் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2014இல் அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2011இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை, காசு கொடுத்து வெளியிட்ட செய்தியின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்பதற்காக 10அ பிரிவின்படி ஆணையம் மூன்றாண்டுத் தகுதி நீக்கம் செய்தது. அங்கே தோற்ற வேட்பாளர் ஒருவர் பத்திரிகைச் செய்தியைக் காட்டி முறையிட்டதால்தான் அது நடந்தது. ஆகவே இப்போதே வெட்டி வையுங்கள்.

ஆகஸ்ட் 3

பத்திரக் கொடுக்கல் வாங்கல்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க வேண்டும் என்ற மனுக்களை உச்ச நீதிமன்றம் நேற்று ஏற்கவில்லை. தனித்தனிக் குற்றச்சாட்டுக்குச் சாதாரணச் சட்ட வழிகள் இருக்கின்றன என்பது காரணம். எனக்கு ஏமாற்றம்தான்.

பத்திரம் போன பிறகு பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகவும் நேரடிக் காசோலையாகவும் போகும். 2013ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி இயங்கும் அந்த அறக்கட்டளைகள் யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும் என்பதால் பத்திரத்தைவிட அவை மேல். ஆனால் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடையாளரின் பெயரைக் கட்சி இன்னும் சொல்ல வேண்டியதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் நான் சொன்ன 500 ரூபாய் அபராதம் 10,000 ஆகியிருக்கிறது.

நான் கேட்பது இதுதான்: கட்சியின் செலவை அது நிறுத்தும் வேட்பாளர்களின் எண்ணிக்கையோடு கட்டிப் போடும் ஒரு துணைப்பிரிவு, கணக்கைத் தேர்தல் அறிவிப்பு நாளிலிருந்தாவது தொடங்கும் ஒரு திருத்தம். இரண்டையும் எழுதி எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் உறுப்பினருக்கு அனுப்ப விரும்புவோர் இந்த வாசகத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

மக்களவைத் தேர்தல் முடிந்த தொண்ணூறு நாளுக்குள் ஒவ்வொரு கட்சியும் தன் செலவு அறிக்கையை ஆணையத்திடம் தர வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் அந்தக் கெடு முடிகிறது. அறிக்கைகள் ஆணையத்தின் தளத்தில் ஏறியதும் ஒவ்வொரு கட்சியின் தொகையையும் அது நின்ற தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, 95 இலட்சத்துக்குப் பக்கத்தில் வைத்து இங்கே இடுகிறேன்.